ஆழம் குறைந்த கிண்ணம்

இர்ஃபான்,

இன்று காலை சுபுஹு தொழுத கையோடு நான் செய்த முதல் வேலை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கைவிட்டு, பின்சுவரோடு ஒட்டியிருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாவைப் பெயர்த்து எடுத்ததுதான். மூடியின்மேல் வெள்ளை வெள்ளையாக உறைபனி. உள்ளே உன் ஊசிப் பேனாக்கள் இரண்டு. பக்கவாட்டில் மருந்து தெரிவதற்கென்று ஒரு சின்னச் சன்னல் இருக்குமே, அதன் வழியாகப் பார்த்தேன். தெளிந்த நீராக இருக்க வேண்டியது கல்கண்டுக் கட்டிபோல் உறைந்திருந்தது. போன ரமலானில் கொத்தமல்லிக் கட்டு உறைந்துபோன அதே மூலை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கேதான் தள்ளியிருக்கிறேன்.

ஏன் தள்ளினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பேசியிருக்கும் ஷிஃபாவின் சாச்சி, “ஈசூன் பக்கம் வந்தோம், இப்ப உங்க லிஃப்ட்லதான் இருக்கோம்” என்று போன் செய்தார். கையில் அகர்-அகர் ஜெல்லித் தட்டு இருப்பதாக வேறு சொன்னார். அகர்-அகர் என்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அவரே உரிமையோடு சமையலறைக்குள் வந்து கதவைத் திறப்பார், மேல்தட்டில் உன் பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டி கண்ணில் படும். இரண்டு நிமிடத்தில் இவ்வளவும் யோசித்து, பெட்டியைப் பிரித்து, பேனாக்களை டப்பாவுக்குள் போட்டு மறைத்தேன். அவர் வந்து வரவேற்பறையிலேயே உட்கார்ந்து, அகர்-அகரை அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டப்பாவை நான் மறந்தேன்.

எட்டரை மணிக்கு மருத்துவமனை மருந்தகத்துக்குப் போன் செய்தேன். நம் தமிழ்ப் பெண் ஒருத்திதான் எடுத்தாள். “ஆன்ட்டி, ஃபிரீஸ் ஆயிடுச்சுன்னா யூஸ் பண்ணவே கூடாது. இளகினாலும் வேணாம். எப்படி ஆன்ட்டி அவ்ளோ உள்ள போச்சு?” என்றாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள் என்றேன். “விருந்தாளி வந்தா மருந்தையா எடுத்துச் சாப்பிடப் போறாங்க?” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. வியாழக்கிழமை போனால் புதிதாகத் தருவார்கள். சனிக்கிழமை நீ போட வேண்டிய ஊசி தவறாது. ஆனால் நீ பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பி வந்து எதுவும் தெரியாமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால்? அந்த எண்ணத்தோடுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று உனக்கும் தெரியும்.

நீ கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் நமக்குள் நடந்த சண்டையை நான் மறக்கவில்லை. “ஷிஃபாவுக்கு எல்லாம் தெரியும் உம்மா. அவங்க உம்மா வாப்பாவுக்கும் தெரியணும். சனிக்கிழமை நிச்சயம் பேச வரும்போது நானே சொல்றேன்” என்றாய். “முதல்ல நிச்சயம் முடியட்டும்லா, பொறவு பக்குவமா சொல்லிக்கலாம்” என்றேன் நான். உன் வாப்பா வழக்கம்போல இருவருக்கும் நடுவில் மீன் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்து, “சண்ட போடுறவங்க மொதல்ல சாப்பிடுங்க, தெம்பு வேணும்ல” என்றார். நீ சிரிக்கவில்லை. “ஒளிச்சு வச்சா வலி கொறையுமா உம்மா? உங்களுக்குக் கொறஞ்சுச்சா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். விருந்தாளி முன்னால் கால் இழுக்காமல் நடக்க நான் படும் பாட்டை வைத்துத்தான் கேட்டாய். ஆனால் என் இடுப்பைப் பற்றி உனக்குத் தெரிந்த கதையே பொய். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பதின்மூன்று வயதிலேயே எனக்கு அது ஆரம்பித்துவிட்டது. பள்ளியில் ஓடிவிட்டு வந்தால் வலது கால் இழுக்கும். வலி எங்கே என்றால், தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில். அந்த இடத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் உம்மா எனக்குச் சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட்டார்கள். என்னை வளர்த்தது கூடப்பிறந்த மூத்த லாத்தா. லாத்தாவிடமே “இடுப்பு வலி” என்றுதான் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொல்லி, முதுகுப் பக்கம் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். முதுகைப் படம் எடுத்தார்கள். முதுகில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்ற சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடந்தேன். வெட்கப்பட்டு ஒரு சாண் தள்ளிக் கை காட்டியதால் இருபத்தைந்து, முப்பது வருடம் யாரும் சரியான இடத்தைப் பார்க்கவில்லை.

உன் வாப்பா வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தபோது நாங்கள் கேலாங்கில் இருந்தோம். அவர்கள் வருவதற்கு முன்பே லாத்தா என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். “அவங்க போற வரைக்கும் எந்திரிக்காதே. டீ நான் குடுக்கிறேன். நடந்து காட்டச் சொன்னா சிரி, போதும்” என்றார். அப்படியே செய்தேன். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து உன் வாப்பா, “உன்னப் பாக்க வந்தன்னிக்கு நீ எந்திரிக்கவே இல்ல. பொண்ணோட நாற்காலியையும் சேர்த்துத்தான் குடுப்பாங்களோன்னு நெனச்சேன்” என்று கேலி செய்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிக்கிற மனிதரிடம் சொல்வது எவ்வளவு எளிது. நான் என்ன செய்தேன்? நானும் சிரித்தேன்.

நீ பிறந்து நாற்பது நாள் கழிந்து எழுந்து நடமாடியபோது கால் வெளிப்படையாகவே இழுத்தது. மறைக்க முடியவில்லை. பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், “பாவம், புள்ள பெத்ததுல இடுப்பு எலும்பு வெலகிருச்சு போல” என்றார். அந்தப் பொய்யை நான் உண்டாக்கவில்லை. யாரோ நீட்டினார்கள், நான் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நம் வீட்டில் அதுதான் கதை. உனக்கு எட்டு வயதிருக்கும், தேக்கா சந்தையில் என் கையிலிருந்த காய்கறிப் பையை நீ பிடுங்கிக்கொண்டு, “நான்தானே உங்க இடுப்ப ஒடச்சேன், நான் தூக்குறேன்” என்றாய். மீன்காரர்கூடச் சிரித்தார். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்துப் பையை உன்னிடமே விட்டேன். இர்ஃபான், நீ எதையும் உடைக்கவில்லை. இதை உனக்குப் பதினாறு வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

உண்மை என்ன என்பது ஐந்து வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண் டாக்டர், “ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க” என்றார். உன் வாப்பா கடையில் இருந்ததால் கூச்சமில்லாமல் காட்டினேன். படத்தைத் திரையில் போட்டு விளக்கினார். நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள், கோழித்தொடையை அறுத்து மாணவர்களுக்கு மூட்டைக் காட்டிக் காட்டிப் பழகியவள். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. எனக்கு அந்தக் கிண்ணம் பிறவியிலேயே ஆழம் குறைவு. பந்தின் பாரம் முழுக் கிண்ணத்திலும் பரவாமல் விளிம்பில் மட்டும் ஏறுகிறது. விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம்போல ஒன்று இருக்கிறது, முதலில் அது கிழியும். பிறகு எலும்பை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேயும்.

குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் என் உடம்பில்தான் எனக்குப் புரிந்தது. அது தேயும்போது கத்தாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தேய்ந்து, அதன் துகள்கள் மூட்டை உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை உறுத்தும். அந்தச் சவ்வுக்கு நரம்பு உண்டு, ரத்தம் உண்டு. அது சிவந்து, வீங்கி, நீர் சுரக்கும். இதைத்தான் அழற்சி என்கிறோம். அழற்சி கெட்டதல்ல, விரலில் முள் குத்தினால் காப்பாற்ற வருவதும் அதுதான். ஆனால் காரணம் நீங்காதபோது அதுவும் ஓயாது. அது சுரக்கும் ரசாயனங்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிடுகின்றன. முன்பு பத்தாவது மாடி ஏறினால் வலித்தது, பிறகு பேருந்துப் படி ஏறினாலே வலிக்கிறது. இன்னும் நாளாகும்போது தண்டுவடமும் மூளையும் வலியைப் பாடம் படித்ததுபோல் மனப்பாடம் செய்துகொள்கின்றன. தேய்மானத்தைவிட வலி பெரிதாக இருப்பது அதனால்தான் என்றார் டாக்டர். பயமும் தூக்கமின்மையும் அதை இன்னும் வளர்க்கும். அப்படியானால், விருந்தாளி முன்னால் இழுக்காமல் நடக்கத் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று பயந்துகொண்டே நான் வாழ்ந்த வாழ்க்கை என் நரம்புகளுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்? நீ சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். குறையவில்லை. கூடியது.

“சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும், யாரும் சொல்லலையா?” என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் “தேய்மானமாம்” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டேன்.

இனி உன் வலிக்கு வருகிறேன். அதில் நான் செய்த தப்பு இதைவிடப் பெரியது. பாலிடெக்னிக் முதல் வருடத்தில் நீ காலையில் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பார்த்த உடனே, “என் இடுப்புதான் உனக்கும்” என்று முடிவு கட்டிவிட்டேன். என் வலி நடந்தால் கூடும், படுத்தால் குறையும். அதனால் உன்னையும் படுக்க வைத்தேன். பந்தாட்டத்தை நிறுத்தினேன். நீச்சலை நிறுத்தினேன். வெந்நீர்ப் பையும் தைலமுமாக உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். “உம்மா, படுத்தாத்தான் ஜாஸ்தியாகுது, கொஞ்சம் கீழ போய் நடந்துட்டு வரேனே” என்று நீ கெஞ்சினாய். “எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா அனுபவிச்சவ நான். படு” என்றேன். பிள்ளையின் உடம்பில் என் வலியைத்தான் பார்த்தேன், உன் வலியைப் பார்க்கவில்லை. அப்படி ஒரு வருடம் போனது.

நம்மைக் காப்பாற்றியது உன் கண். ஒரு நாள் இடது கண் செக்கச் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனது. கண் டாக்டர் தமிழர், வயதானவர். கருவியில் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, “தம்பி, காலையில எந்திரிக்கிறப்ப முதுகு, இடுப்பெல்லாம் ஸ்டிஃபா இருக்கா?” என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். “இருக்கு டாக்டர், ஆனா அது என்னோட...” என்று ஆரம்பித்தேன். “நீங்க கொஞ்சம் இருங்கம்மா, தம்பி சொல்லட்டும். நடந்தா நல்லாருக்கா, படுத்தா நல்லாருக்கா?” “நடந்தா டாக்டர்” என்றாய். “அந்தப் புடிப்பு விட எவ்ளோ நேரம் ஆகும்?” “ஒரு மணி நேரம் ஆகும்.” அவர் என் பக்கம் திரும்பி, “படுக்க விடாதீங்கம்மா இவன” என்றார். ஒரு வருடமாக நீ சொன்னதை அவர் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டார். அன்று பஸ்ஸில் நீ ஒரு சொல்கூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு, “பைரேட் கேப்டன் மாதிரி இருக்கேனா?” என்று மட்டும் கேட்டாய்.

உன் இடுப்பில் கிண்ணத்துக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பின் காவல் அணுக்கள்தான் எதிரி இல்லாத இடத்தில் எதிரியைப் பார்க்கின்றன. தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களையும், முதுகின் அடியையும், இடுப்பு மூட்டின் சவ்வையும், சில சமயம் கண்ணையும் தாக்குகின்றன. ஓய்வெடுத்தால் அந்த நெருப்பு தேங்கி நிற்கிறது, அசைந்தால் அடங்குகிறது. அந்த அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஒரு சேதியை உன் ஊசி பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது. சேதி போய்ச் சேராததால் படை கிளம்புவதில்லை. என் வலியும் உன் வலியும் ஒரே மூட்டில் இருக்கின்றன, அதற்குமேல் இரண்டுக்கும் உறவு இல்லை. என்னிடமிருந்து உனக்கு வந்தது என் வலி அல்ல, வலியைச் சொல்லவிடாத என் வாய்தான் வந்திருக்கக்கூடும் என்று பயந்தேன். சனிக்கிழமை நானே சொல்கிறேன் என்று நீ சொன்னபோது, அதுவும் வரவில்லை என்று தெரிந்தது. அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சண்டை போட்டேன்.

ஆகவே, சொல். உன் விருப்பப்படியே சொல். பிள்ளைகளுக்கு வருமா என்று அவர்கள் கேட்பார்கள். மறைக்காதே. அதற்கு ஒரு பரம்பரை அடையாளம் உண்டு, அது இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வந்தாலும் இன்று மருந்து இருக்கிறது என்று டாக்டர் நமக்குச் சொன்னதை அப்படியே சொல். தயங்கினால் தயங்கட்டும். தயக்கத்துக்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. உன்னை முழுதாகத் தெரிந்து ‘சரி’ என்று சொல்லும் வீடுதான் உனக்கு வேண்டும். எனக்கென்னவோ அவர்கள் சரி என்பார்கள் என்றே தோன்றுகிறது. போன மாதம் ஷிஃபா வந்திருந்தபோது, நீ நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஹலோ, அலாரம் அடிச்சாச்சு, எந்திரிங்க, கீழ போய் கோப்பி வாங்கிட்டு வாங்க” என்று விரட்டினாள். நீயும் போனாய். ஏன் இந்தப் பெண் உட்கார்ந்தவனை இப்படி எழுப்புகிறாள் என்று அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. இன்று காலைதான் உறைத்தது. நான் ஒரு வருடம் படுக்கவைத்த பிள்ளையை அவள் எழுப்பிவிடுகிறாள்.

கல்யாணமான பிறகு, காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அவளிடம் உள்ளபடி சொல். நன்றாக இருக்கிற நாளையும் சொல், இல்லாவிட்டால் அவளுக்கு வலிதான் உன் பெயர் என்றாகிவிடும். உடம்பு நன்றாயிருக்கிறதே என்று டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதே. கண் சிவந்தால் மறுநாள் வரை காத்திருக்காதே. நீச்சலை விடாதே. பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைக்காதே, நான் அப்படி நினைத்துத்தான் கெட்டேன். நரம்புகள் வலியைக் கற்றுக்கொள்வதுபோல மறக்கவும் செய்யும் என்று பிசியோ சொல்லிக்கொடுக்கும் பெண் சொல்கிறாள். மெதுவாக, பயமில்லாத அசைவால், நல்ல தூக்கத்தால். நான் இரண்டு மாதமாக அவள் சொன்னதைச் செய்கிறேன். மூட்டை மாற்றும் அறுவை வேண்டியிருக்கும், ஆனால் அதற்கு முன்பே காலையில் சாக்ஸ் மாட்டும்போது முன்போல் பல்லைக் கடிப்பதில்லை. நாற்பத்தெட்டு வயதில் என் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்கிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒன்று மீதி இருக்கிறது, அதுதான் கடினம். உனக்கு மூன்று வயதானபோது உன் வாப்பாவுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை. வாய்விட்டுக் கேட்கவில்லை. தேக்காவில் சின்ன ஃபிராக்குகளைப் பார்த்தால் நின்றுவிடுவார். பிறகு ஒரு நாள் அவராகவே, “ஒண்ணு போதும். இன்னொண்ணு பெத்து உன் இடுப்பு இன்னும் கெட்டா நான் என்ன செய்வேன்” என்றார். நான் தலையாட்டினேன். என் பொய்யை நம்பி அவர் தன் ஆசையை மடித்து வைத்தார். இருபத்தோரு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. உண்மை தெரிந்திருந்தாலும் ஒரு பிள்ளையோடு நின்றிருப்போமோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையை வைத்து அவர் முடிவெடுக்கும் வாய்ப்பை நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை நீ அந்நியர் முன்னால் உன் நோயைச் சொல்லும்போது, உன் பக்கத்தில் நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்?

நாளை அரை நாள் லீவு எழுதிக்கொடுக்கப்போகிறேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உன் வாப்பா கடையில் தனியாகச் சாப்பிடும் நேரம், தேக்காவுக்குப் போய், அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கே வலித்தது என்பதிலிருந்து தொடங்குவேன். அவர் கோபப்படலாம், எழுந்து போகலாம், கேலியும் செய்யலாம். எதுவானாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன். இப்படிச் சொல்லப்போகிறேன் என்று லாத்தாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் உம்மா